டெனோஃபோவிர் 300 மாத்திரை, தம்பி 4 வருஷமா சாப்பிடுறான், நான் பார்த்தது

எந்த கம்பெனி மாத்திரைன்னு சொல்லப் போறதில்ல, மருந்தைப் பத்தி மட்டும் எழுதுறேன். தம்பிக்கு ஹெபடைடிஸ் பி, அதாவது ஈரலைத் தாக்குற வைரஸ்; அதுக்குத்தான் இந்த மாத்திரை. காலேஜ் கேம்ப்ல ரத்தம் குடுக்கப் போய்தான் தெரிஞ்சுது, அதுக்கு முன்னாடி மஞ்சக்காமாலைன்னு ஒரு நாள் படுத்ததில்ல. வீட்ல எல்லாரும் டெஸ்ட் எடுத்தா அம்மாவுக்கும் பாசிட்டிவ். அப்போ பிறந்தப்பவே வந்திருக்கும்னு டாக்டர் சொன்னாங்க. பெரியவங்களுக்கு தொத்தினா 100ல 95 பேருக்கு உடம்பே விரட்டிடுமாம், பிறந்த குழந்தைக்கு தொத்தினா 90 பேருக்கு தங்கிடுமாம்.

தினம் 1 மாத்திரை. ஒன்றரை வருஷத்துல வைரல் லோடு (ரத்தத்துல இருக்கிற வைரஸ் அளவு) 'கண்டறிய முடியவில்லை'ன்னு வந்துடுச்சு, ஈரல் பாதிப்பைக் காட்டுற எஸ்ஜிபிடியும் நார்மல். இதுக்கு முழு மார்க். ஆனா அதே ரிப்போர்ட்ல ஹெச்பிஎஸ்ஏஜி (வைரஸோட மேலுறைப் புரதத்தைப் பாக்குற டெஸ்ட்) மட்டும் பாசிட்டிவ்னே நின்னுச்சு. தம்பி குழம்பிட்டான், வைரஸ் போயிடுச்சே இனி எதுக்கு மாத்திரைன்னு யார்கிட்டயும் சொல்லாம நிறுத்திட்டான். சில மாசத்துல கண்ணெல்லாம் மஞ்சள், எஸ்ஜிபிடி ஆயிரத்தைத் தாண்டிடுச்சு, அட்மிட் பண்ணி அம்மா ராத்திரி பூரா பக்கத்துலயே உக்காந்திருந்தாங்க.

ஏன் இப்படின்னு அன்னைக்குத்தான் டாக்டர் உக்கார வச்சு சொன்னாங்க, இதை மாத்திரை வாங்குற அன்னைக்கே ஒவ்வொருத்தருக்கும் சொல்லணும். இந்த வைரஸ் ஈரல் செல்லோட உட்கருவுக்குள்ள போய் தன் டிஎன்ஏவை ஒரு வளையமா சுருட்டி வச்சிடுது, அதுதான் மூலப்பிரதி. அதுல இருந்து ஆர்என்ஏங்கிற நகல் வந்து, அதைப் பார்த்து திரும்ப டிஎன்ஏ எழுதி புது வைரஸ் கிளம்புது. மாத்திரை தடுக்கிறது இந்த 'திரும்ப எழுதுற' இடத்தைத்தான், உள்ள இருக்கிற வளையத்தை அது தொடாது. மாத்திரையை விட்டா வளையம் திரும்ப வேலைய ஆரம்பிச்சிடும்.

சரி உடம்பு ஏன் புடிக்கலன்னு கேட்டேன். மத்த வைரஸ் நுழைஞ்சா செல் இன்டர்ஃபெரான்னு ஒரு எச்சரிக்கைப் புரதத்தை விட்டு அக்கம்பக்கத்துக்கு சத்தம் குடுக்கும், இது அந்த சத்தமே பெருசா வராம நுழைஞ்சிடுது. அதோட மேலுறையை மட்டும் காலி கூடா கோடிக்கணக்குல ரத்தத்துல கொட்டுது, நிஜ வைரஸ் 1 இருந்தா காலி கூடு ஆயிரக்கணக்குல. வைரஸைப் பிடிக்க உடம்பு விடுற ஆன்டிபாடி அதுல போய் ஒட்டி வீணாகுது. ஹெச்பிஎஸ்ஏஜி டெஸ்ட்ல தெரியுறது பெரும்பாலும் இந்தக் கூடுதான், அதனாலதான் லோடு இல்லாமலும் பாசிட்டிவ். வருஷக்கணக்கா இதையே பார்த்துப் பார்த்து வைரஸ் புகுந்த செல்லை அழிக்கிற டி செல்லும் களைச்சுப் போயிடுது, எதிரி எதிர்ல நின்னாலும் அடிக்க வலுவில்ல. குழந்தையிலயே வந்தா அந்த உடம்பு அதை எதிரின்னே சரியா பழகுறதில்ல.

வீட்ல கீழாநெல்லி பேச்சும் வந்துச்சு. நம்ம மெட்ராஸ்லயே தியாகராஜன் குழு, இந்த வைரஸைக் கண்டுபிடிச்ச ப்ளம்பெர்க்கும் சேர்ந்து, 1988ல லான்செட்ங்கிற மருத்துவ இதழ்ல நல்ல ரிசல்ட் போட்டாங்க, 37 பேர்ல 22 பேருக்கு ஹெச்பிஎஸ்ஏஜி மறைஞ்சுதுன்னு. ஆனா பின்னாடி மத்த இடங்கள்ல செஞ்சு பார்த்தப்ப அது வரல. அதை நம்பி மாத்திரையை விட்டுடாதீங்க.

குறைன்னு பார்த்தா கிட்னியும் எலும்பும். 6 மாசத்துக்கு ஒரு தடவை கிட்னிக்கான ரத்த டெஸ்ட் கிரியாட்டினின் பாக்குறோம். ஏற்கெனவே கிட்னி பிரச்சனை இருக்கிறவங்க டெனோஃபோவிர் அலாஃபெனமைடு 25ங்கிற இதோட இன்னொரு வகை பத்தி டாக்டர்கிட்ட கேளுங்க, அதுல இந்தத் தொந்தரவு கம்மி. செலவு கஷ்டம்னா அரசு மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரில விசாரிங்க, தேசிய வைரல் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டம் 2018ல இருந்து இருக்கு, டெஸ்டும் மருந்தும் இலவசம்.

என் மார்க் 5க்கு 4. வைரஸை அடக்கி வைக்கிற வேலைய சுத்தமா செய்யுது, 1 குறைச்சது அந்த வளையத்தை எடுக்க முடியாததுக்கு. தம்பிக்கு போன மாசம் பொண்ணு பிறந்தா, அவன் மனைவிக்கு நெகட்டிவ்தான், இருந்தாலும் குழந்தைக்கு பிறந்த அன்னைக்கே ஹெபடைடிஸ் பி தடுப்பூசி முதல் ஊசி போட்டாச்சு. தம்பி இப்ப ராத்திரி 9 மணிக்கு அலாரம் வச்சிருக்கான்.