வடக்கு அறைக்கு ஒரு சாம்பல், மேற்கு அறைக்கு ஒரு சாம்பல்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் வீட்டில் 2021-ல் ரெண்டு அறைகளுக்குச் சாம்பல் நிறப் பெயிண்ட் அடித்தோம். மேற்கு அறைக்கு நீலம் ஓடுகிற சாம்பல், வடக்கு அறைக்கு மண் நிறம் ஓடுகிற சாம்பல். ஷேடு கார்டில் பார்த்தால் ரெண்டும் அண்ணன் தம்பிதான். கடையில் கலர் கலக்கும் மெஷின் விடுகிற கறுப்போடு துளி நீலம் சேர்ந்தால் ஒன்று, மஞ்சளும் சிவப்பு ஆக்சைடும் சேர்ந்தால் இன்னொன்று. சுவரில் ஏறிய பிறகு அந்தத் துளிதான் அறையையே மாற்றுகிறது.

மேற்கு அறையில் மூணு மணிக்கு மேல் வெயில் மஞ்சளாகச் சாயும். அந்த வெளிச்சத்தில் நீலச் சாம்பல் கண்ணுக்கு அத்தனை குளுமை. மண் சாம்பல் அங்கே இருந்திருந்தால் பழுப்பேறித் தெரியும்.

வடக்கு அறை வேறு கதை. சித்திரையிலிருந்து ஆடி வரை நம்மூரில் உச்சி வெயில் வடக்கே சாயும். ஆனாலும் சன்ஷேடு அதை உள்ளே விடாது. ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகம் வந்து மூடினால் அறை முழுக்க மங்கல். பெயிண்டர் அண்ணன், "சுவத்துல அடிக்காதீங்க, ஒரு பலகைல ரெண்டு கோட்டு அடிச்சு, ரூம் ரூமா வெச்சுப் பாருங்க" என்றார். நீலம் அடித்த பலகை அங்கே ஈயம் மாதிரி செத்துக் கிடந்தது. மண் சாம்பல் அதே மங்கலிலும் உயிரோடு இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது.

லைட்டையும் சேர்த்தே பாருங்கள். 6500 கெல்வின் (வெளிச்சத்தின் நிறத்தைச் சொல்லும் அளவு) வெள்ளை எல்இடி நீலத்தை இன்னும் தூக்கிக் காட்டும். 3000-ல் மண் சாம்பல் சந்தன நிறத்துக்குப் போய்விடும். ரெண்டு அறையிலும் 4000 போட்டோம், நிறம் நிறமாக நின்றது.

அழுக்கு விஷயத்தில் மண் சாம்பல்தான் கெட்டி. காத்துக் காலத்துத் தூசி அதில் தெரிவதே இல்லை. நீலச் சாம்பலில் சுவிட்ச் போர்டைச் சுற்றிக் கைபட்ட இடம் பழுப்பாகத் தனித்து நிற்கிறது. மேட் பினிஷ், அதாவது பளபளப்பில்லாத பெயிண்ட் என்பதால் ஈரத்துணியால் அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் பளபளக்கும். மெதுவாக ஒற்றித்தான் எடுக்க வேண்டும்.

வீடு முழுக்க ஒரே சாம்பல்தான் என்றால் மண் நிறத்தையே எடுங்கள். டப்பா மூடியில் ஒட்டியிருக்கும் கலவை ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். டச்-அப் செய்யும்போது கடைக்காரர் முதலில் அதைத்தான் கேட்பார்.