அண்டாவில் விழுந்த கார்ட்லெஸ் போன்: ஆறு வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

கார்ட்லெஸ் போன் வாங்கலாமா, உங்கள் வீட்டில் இருப்பது எப்படி என்று நண்பர் கேட்டு இரண்டு வாரமாகிறது. அன்றே பதில் சொல்லியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கு என்றிருப்பேன். மறுநாள் சாயங்காலம் கோடை மழை பிடிக்க வைத்திருந்த அண்டாவில் அம்மாவின் இடுப்பிலிருந்து நழுவி விழுந்துவிட்டது.

ஏற்காட்டில் நாகலூர் பக்கம் எங்கள் வீடு. வீட்டுக்குள் செல்போன் சிக்னல் நிற்காது. ஹாலில் லேண்ட்லைன் வயர் செருகிய பேஸ் இருக்கும், அம்மா ஹேண்ட்செட்டோடு காப்பிக் களத்தின் கடைசி வரை போய்ப் பேசுவார். பனி இறங்கி எதிரே சில்வர் ஓக் மரமே தெரியாத நாளிலும் குரலில் கரகரப்பு இருக்காது. அந்த விஷயத்தில் இன்றுவரை ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

என் கோபமெல்லாம் பேட்டரி மூடி மேல்தான். அழுத்திக்கொண்டே தள்ள வேண்டும், விரலுக்குப் பிடிமானமே கிடையாது. பேட்டரி மாற்றிய இரண்டு முறையும் நகம் பெயர்ந்தது. அன்றைக்கு ஈரக் கையில் வழுக்கி, நாணயம் தேடி, கடைசியில் ஸ்க்ரூ டிரைவரால் நெம்பித் திறக்க ஐந்து நிமிஷமாவது ஆகியிருக்கும். வெறும் தண்ணீர் சர்க்யூட்டை அவ்வளவு சீக்கிரம் கெடுக்காது. தண்ணீரோடு மின்சாரமும் சேர்ந்தால்தான் செம்பை வேகமாக அரிக்கும். உள்ளே இருப்பது 1.2 வோல்ட் பேட்டரி இரண்டு, அரிப்புக்கு அதுவே போதும். சோப்புத் தண்ணீராக இல்லாமல் மழைத்தண்ணீராக இருந்தது எங்கள் அதிர்ஷ்டம்.

அத்தை சொன்னார் என்று இரண்டு நாள் அரிசி டப்பாவில் வைத்தோம். டிஸ்ப்ளேயில் ஆவி அப்படியே இருந்தது, சார்ஜ் முனைகளில் அரிசி மாவு ஒட்டியதுதான் மிச்சம். இந்த ஊர் ஈரக்காற்றில் துவைத்த துணியே காயாது, போன் எங்கே காயும்? 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி சேலம் அம்மாபேட்டையில் தங்கை வீட்டுக்கு எடுத்துப் போனேன். திருகுகளைக் கழற்றினால் பேட்டரி ஸ்பிரிங்கின் அடியில் பச்சை பூத்திருந்தது. சீக்கிரம் ஆவியாகிவிடும் ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷுமாக உட்கார்ந்து தேய்த்தேன். பட்டன் ரப்பருக்குப் பின்னால் இருக்கும் கரிப்பொட்டுகளை மட்டும் தேய்க்காமல் ஒற்றி எடுத்தேன், அது உரிந்தால் பட்டன் போச்சு. பிறகு மொட்டை மாடி அறையில், நேர் வெயில் படாமல் மூன்று நாள். சேலத்து அனலை அதற்கு முன் நான் வாழ்த்தியதே இல்லை.

பேட்டரி புதிதாகவே போட்டேன். கடைக்காரர் சாதாரண பென்சில் செல்லை நீட்டினார், அதை வாங்கிவிடாதீர்கள். சார்ஜரில் வைத்தால் ஒழுகும், வெடிக்கவும் கூடும். திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றக்கூடிய நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு என்று கேட்டு வாங்க வேண்டும்.

உயிர் வந்துவிட்டது! அம்மா சேர்த்து வைத்திருந்த எண்கள்கூட ஒன்றும் அழியவில்லை. 7 மட்டும் அழுத்தி அழுத்தித்தான் விழுகிறது. பெரியம்மா எண்ணில் இரண்டு 7.

"நல்லாத்தானேடா பேசுது, அதையே வாங்கச் சொல்லு" என்கிறார் அம்மா. நான் நண்பரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஒரு மூடியை ஒழுங்காகச் செய்திருந்தால் அந்த 7 பிழைத்திருக்கும். எங்கள் போனுக்கு இப்போது மூடியே கிடையாது. இரண்டு ரப்பர் பேண்ட் போட்டிருக்கிறேன், இழுத்தால் பேட்டரி கையோடு வந்துவிடும்.