ஜூபின் மேத்தாவின் 'டூரண்டாட்': கொயர்காரன் காதில் விழுந்தது

மார்த்தாண்டம் பக்கத்தில் ஒரு சபையின் கொயரில், அதாவது பாடகர் குழுவில், பேஸ் என்கிற அடிக்குரல் பாடுகிறவன் நான். ஓபரா, அதாவது பாட்டாகவே நடக்கும் நாடகம், அதன் பதிவு எது கையில் கிடைத்தாலும் முதலில் கூட்டுப்பாட்டு எப்படி என்றுதான் பார்ப்பேன், கதாநாயகன் எல்லாம் அப்புறம். அந்த விஷயத்தில், இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'டூரண்டாட்'டை 1972-ல் லண்டன் பில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவை வைத்துக் கண்டக்டர் ஜூபின் மேத்தா நடத்திய டெக்கா நிறுவனப் பதிவை மிஞ்சிய ஒன்றை நான் கேட்டதில்லை. இரண்டு சிடி, ஏறக்குறைய இரண்டு மணி நேரம்.

கதை பீக்கிங் நகரத்தில் நடக்கிறது. இளவரசி டூரண்டாட்டின் விடுகதைக்கு விடை சொல்லத் தவறிய ஒருவன் தலை உருளப்போகிறது, ஊரே வேடிக்கை பார்க்கக் கூடியிருக்கிறது. வாளைச் சாணை பிடிக்கும் இடத்தில் கொயர் வெறி பிடித்துக் கூவுகிறது. சற்று நேரத்தில் அதே கூட்டம் நிலா எப்போது உதிக்கும் என்று கிசுகிசுப்பாகப் பாடுகிறது. கொயரில் நின்றவர்களுக்குத்தான் இதன் கஷ்டம் தெரியும். நம்ம ஊரில் "சத்தம் குறைங்க" என்று மாஸ்டர் கை காட்டினால் வேகமும் கூடவே குறையும், சுருதியும் கொஞ்சம் இறங்கும். இங்கே சத்தம் மட்டும்தான் குறைகிறது, தாளம் பாட்டுக்கு நடந்துகொண்டே இருக்கிறது. தொடர்ந்து சிறுவர்கள் ஒரு சீன நாட்டுப்புற மெட்டைப் பாட, அடியில் சாக்ஸபோன் மெல்ல ஊதுகிறது. பிராக்டீஸ் முடிந்த ஒரு மாலை இதைப் போட்டுக் காட்டினேன். டெனர் என்கிற ஆண் மேல்குரல் பாடும் பையன் ஒருவன், "அண்ணே, இதுல எத்தனை பேரு பாடுதாவ?" என்றான். பெரிய கூட்டம்தான், ஆனால் நாலு பாகமும் தனித்தனியாகக் காதில் விழுகிறது.

மேத்தாவுக்கு இந்தப் பக்குவம் சும்மா வரவில்லை. 1936-ல் பம்பாயில் ஒரு பார்சி குடும்பத்தில் பிறந்தவர். அப்பா மெஹ்லி மேத்தா வயலின்காரர், பம்பாயில் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவே தொடங்கியவர். மகன் 1954-ல் வியன்னா போய் ஹன்ஸ் ஸ்வரோவ்ஸ்கியிடம் படித்தார். பெரிய கண்டக்டர்கள் ஒத்திகை நடத்துவதைப் பார்ப்பதற்காகவே, கூடப் படித்த கிளாடியோ அப்பாடோவோடு அங்கிருந்த கொயரில் சேர்ந்து பாடினார். எனக்கு அவரை இன்னும் பிடித்துப்போனது இதனால்தான். கண்டக்டரின் கை கொயர் வரிசையிலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பது அவருக்குத் தெரியும்.

26 வயதில் லாஸ் ஏஞ்சலஸ், 1978 முதல் 1991 வரை நியூயார்க், 2019 வரை இஸ்ரேல் பில்ஹார்மோனிக் என்று பெரிய ஆர்கெஸ்ட்ராக்களாகவே கையாண்டவர். ஓபராவையும் விடவில்லை. ஃபிளாரன்சில் 1985-லிருந்து பல ஆண்டுகள், மியூனிக் பவேரிய அரசு ஓபராவில் 1998 முதல் 2006 வரை. நம் குளச்சலையும் மணக்குடியையும் வாரிக்கொண்டுபோன சுனாமியின் முதல் நினைவு நாளன்று, 2005 டிசம்பர் 26-ல், சென்னை மியூசிக் அகாடமிக்கு வந்து வாசித்ததும் அந்த மியூனிக் ஆர்கெஸ்ட்ராதான், நடத்தியவர் இவர்தான்.

சரி, பதிவுக்கு வருவோம். கதாநாயகனாகப் பாடும் பவரோட்டியின் 'நெசுன் டோர்மா' பாட்டைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? 1990 உலகக் கோப்பைக் கால்பந்தின்போது பிபிசி ஒலிபரப்பி ஊரெல்லாம் பரவியது இந்தப் பதிவுதான். பதிவு செய்தபோது பவரோட்டி, மேத்தா இருவருக்கும் 36 வயது. பாடகர் மூச்சு எடுக்கும் இடத்தில் ஆர்கெஸ்ட்ரா முந்தவும் இல்லை, பிந்தவும் இல்லை. அடிமைப்பெண் லியூவாகப் பாடும் மொன்செராட் கபாயே மேல் சுரத்தை நூல் மாதிரி இழுத்து நிறுத்தும்போதும் மேத்தா அவசரப்படுத்துவதில்லை.

குறை உண்டு. டூரண்டாட்டாகப் பாடும் ஜோன் சதர்லேண்டின் குரல் மலை மாதிரி எழுந்து நிற்கிறது, ஆனால் வார்த்தை தெளிவில்லை. பாட்டு வரிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டாலும் இடம் தவறுகிறது. இரண்டாம் அங்கத் தொடக்கத்தில் மூன்று மந்திரிகள் புலம்புவதும் நீளம். நான் அடிக்கடி தாண்டிவிடுவேன்.

இலவசச் செயலியில் கேட்க வேண்டாம். 'நெசுன் டோர்மா' இந்த ஓபராவில் கைதட்டலுக்காக நிற்பதில்லை, இசை அப்படியே அடுத்த காட்சிக்குள் ஓடிவிடும். என் போனில் சரியாக அந்த இடத்தில் தங்க நகைக்கடன் விளம்பரம் வந்தது. சிடி வாங்குங்கள், அல்லது காசு கட்டிக் கேளுங்கள். போடும்போது வால்யூமைக் குறைத்தே தொடங்குங்கள். எடுத்த எடுப்பிலேயே ஆர்கெஸ்ட்ரா முழு பலத்தோடு இடிக்கும், சின்ன ஸ்பீக்கர் தாங்காது.