ஏஜென்சி ஷிஃப்டா, அக்கம்பக்கத்து ஆயாவா?

பக்கவாதத்துக்குப் பின் கைத்தாங்கலாக எழுந்து உட்காரும் பெரியவர், தண்டையார்பேட்டையில் இரண்டாவது மாடி, லிஃப்ட் இல்லை. பராமரிப்புக்குப் பென்ஷனில் ஒதுக்க முடிந்தது மாதம் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

வீட்டுக்குப் பராமரிப்பு ஆள் அனுப்பும் ஏஜென்சி 12 மணி நேர ஷிஃப்டுக்கு 800 கேட்டால் 30 நாளில் மொத்தப் பணமும் காலி. டயப்பருக்கே மிச்சமில்லை. அதே பணத்தில் பக்கத்துத் தெரு ஆயாவைக் காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் 10,000 ரூபாய்க்குப் பேசினால், 500 ரூபாய் வீதம் மாதம் 12 முறை பிசியோதெரபிக்கு 6,000, நாளுக்கு மூன்று டயப்பர் 40 வீதம் 3,600 போக 4,400 கையில் நிற்கும். ஆயா வராத நாளுக்கு மாற்று ஆள் பிடிக்க அதைத் தொடாமல் வையுங்கள்.

பிசியோவுக்குப் பணம் கட்டும் முன் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பி.பி., சுகர் மாத்திரையோடு பிசியோவும் வீட்டுக்கே இலவசமாக வருகிறது.

மழைக்காலத்தில் வியாசர்பாடி போன்ற சப்வேக்களில் தண்ணீர் நின்றால் தூரத்து ஆள் வர முடியாது. தெருக்காரர் நடந்தே வந்துவிடுவார். ஆனால் ஆயா ஊருக்குப் போய்விட்டால் கேட்க ஆளில்லை. ஏஜென்சியின் பலமே மாற்று ஆள்தான். எத்தனை மணி நேரத்துக்குள் அனுப்புவார்கள், ஆள் வராத நாளுக்குப் பணம் கழிப்பார்களா, அட்வான்ஸ் திரும்புமா என மூன்றையும் எழுதி வாங்குங்கள். ‘நர்ஸ்’ என்று சொல்லி அனுப்பினால் நர்ஸிங் கவுன்சில் பதிவு எண் கேளுங்கள். அது இல்லாதவர் ஊசி போடவோ டியூப் மாற்றவோ கூடாது.

தானாகப் புரளவே முடியாதவருக்கு இந்தக் கணக்கு செல்லாது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டாவிட்டால் வால் எலும்பு, குதிகால் பக்கம் புண் வரும். காற்று மெத்தை வாங்கிவிட்டோம் என்று புரட்டுவதை நிறுத்தக் கூடாது. கரண்ட் போனால் பம்ப் நின்று மெத்தை தட்டையாகிவிடும். மூக்கு வழி டியூப் உணவுக்குத் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, உணவு முடிந்த பிறகும் அரை மணி நேரமாவது அப்படியே வைக்க வேண்டும். அவசரத்தில் படுக்க வைத்தால் உணவு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். வீட்டில் வேறு ஆள் இல்லையென்றால் இவர்களுக்கு முழு ஷிஃப்ட்தான், கடன் வாங்கியாவது.

எந்த ஆளானாலும் சம்பளத்தைப் பெரியவர் கையாலேயே கொடுக்க வையுங்கள். பணம் அவருடையது. குளியல் எத்தனை மணிக்கு என்பதையும் அவரே சொல்லட்டும்.