பள்ளி, கல்லூரிக்கு சோலாரும் பேட்டரியும் போடப் போகிறீர்களா? கடைசித் தவணையைக் கொடுக்கும் முன் இதைப் படியுங்கள்

கோவில்பட்டி பக்கம் விடுதியோடு சேர்ந்த பள்ளி ஒன்றை எங்கள் குடும்ப அறக்கட்டளை நடத்துகிறது. கட்டடம், தண்ணீர், கரண்ட் எல்லாம் என் பொறுப்பு. போன வருடம் வளாகத்துக்கு சோலார் போட்டோம். கொட்டேஷனில் இருந்த பெயர் ‘கேம்பஸ் மைக்ரோகிரிட்’. பேனல், பேட்டரி, இபி லைன், ஜெனரேட்டர் நான்கும் ஒன்றாகச் சேர்ந்து ஓடும் என்றார்கள். “கரண்ட் போனதே உங்களுக்குத் தெரியாது மேடம்” என்று வந்தவர் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது.

வேலை முடிந்த மூன்றாவது வாரம், மாதாந்திரப் பராமரிப்புக்கு கரண்டை நிறுத்தினார்கள். பகல் பதினொரு மணி, சுள்ளென்ற வெயில், மாடியில் 30 கிலோவாட் பேனல். வகுப்பறையில் ஒரு ஃபேன்கூட ஓடவில்லை. போன் போட்டுக் கேட்டால், “ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் அப்படித்தான் மேடம், இபி இல்லையென்றால் அதுவும் நின்றுவிட வேண்டும்” என்று பதில்.

ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் என்பது பேனல் மின்சாரத்தை மாற்றி, இபி லைனோடு சேர்ந்தே ஓடுவது. அவர்கள் சொன்னது பொய் இல்லை. கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஆளுக்கு நம் மாடியிலிருந்து ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக வைத்திருக்கும் பாதுகாப்பு அது. ஆனால் மைக்ரோகிரிட் என்றால், கரண்ட் போனதும் வளாகத்தை இபி லைனிலிருந்து துண்டிக்க ஒரு சுவிட்ச் வேண்டும். பேட்டரியோடு இருக்கும் இன்வெர்ட்டர் தானே 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை உண்டாக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர்கள் மறுபடி ஓடும். பேட்டரி நிறைந்துவிட்டால் பேனலை அடக்கி வைக்கவும் அந்த பேட்டரி இன்வெர்ட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். எங்களுக்கு இதில் ஒன்றுமே போடவில்லை. 20 கிலோவாட் தனியாக இபியோடு, 10 கிலோவாட் தனியாக, விடுதிக்கான பேட்டரியோடு. ஒன்றுக்கும் மற்றதற்கும் பேச்சே கிடையாது. அவ்வளவுதான் அவர்களுடைய மைக்ரோகிரிட்.

பேட்டரி விஷயம்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஐப்பசி மழையில் ஒரு நாள் சாயங்காலம் ஆறு மணிக்குக் கரண்ட் போயிற்று. விடுதிக்கு இரவில் 8 கிலோவாட் வரை ஓடும். விடிய விடியத் தாங்கும் என்று எழுதியே கொடுத்திருந்தார்கள். பதினொன்று அடிப்பதற்குள் எல்லாம் அணைந்துவிட்டது. மாடிப்படியில் பிள்ளைகள் தடவித் தடவி இறங்கினார்கள். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு மறுநாள் தேர்வு.

மறுநாள் எங்கள் எலெக்ட்ரீஷியன் அண்ணனை உட்கார வைத்துக் கணக்குப் போட்டேன். 12 வோல்ட், 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரி 60. பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 108 யூனிட். தாளில் சரி. ஆனால் லெட்-ஆசிட் பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்கினால் சீக்கிரம் செத்துப்போகும். ஆக, கைக்கு வருவது 54. இன்வெர்ட்டரில் போகும் நஷ்டத்தையும் கழித்துவிட்டு 8 கிலோவாட்டை ஓட்டினால் ஐந்தாறு மணி நேரம்தான். போதாததற்கு, பேட்டரி மேல் அச்சிட்டிருந்தது சி20. அதாவது 20 மணி நேரத்தில் மெல்ல மெல்ல இறக்கினால்தான் 150 கிடைக்கும். சோலாருக்கு என்று விற்கும் பேட்டரியில் சி10 என்று இருக்கும், 10 மணி நேரத்தில் இறக்கினாலும் சொன்ன அளவு கிடைக்கும். எங்களுக்கு வந்தவை வீட்டு இன்வெர்ட்டருக்கான பேட்டரிகள்.

நம் ஊர் வெயிலில் ஒரு கிலோவாட் பேனல் சராசரியாக ஒரு நாளைக்கு நாலு யூனிட் தரும். பேட்டரியோடு இருந்த 10 கிலோவாட்டுக்கு 40 யூனிட். அந்தப் பேட்டரியை முழுசாக ஒரு நாள் வெயில் நிரப்பியிருக்காது, இபிதான் நிரப்பிக்கொண்டிருந்தது. கையெழுத்துப் போடும் முன் இந்த ஒரு பெருக்கலை நான் போட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

அந்த மழையிலேயே இன்னொன்றும் நடந்தது. மறுநாள் மதியம் வரை கரண்ட் வரவில்லை, ஜெனரேட்டர் போட்டோம். மேகம் விலகி வெயில் வந்ததும் 20 கிலோவாட் இன்வெர்ட்டர் ஜெனரேட்டரையே இபி என்று நினைத்து ஓட ஆரம்பித்துவிட்டது. வளாகத்தில் லோடு குறைவு. மிஞ்சிய மின்சாரம் ஜெனரேட்டருக்குள் திரும்பியது. சத்தம் மாறியதைக் கேட்டு அண்ணன் ஓடிப்போய் சோலார் பிரேக்கரை இறக்கினார், ஜெனரேட்டரில் மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டர் தப்பியது. ஜெனரேட்டர் மேல் எப்போதும் ஏறக்குறைய 30 சதவீத லோடாவது இருக்கும்படி சோலாரைக் குறைக்கும் கன்ட்ரோலர் வேண்டும். கொட்டேஷனில் ‘டிஜி சிங்க்’, அதாவது ஜெனரேட்டரையும் சோலாரையும் சேர்த்து ஓட்டுவது, என்று ஒரு வரி இருந்தது. மாட்டியிருந்தது இபியா ஜெனரேட்டரா என்று கையால் திருப்பும் சேஞ்ச்-ஓவர் சுவிட்ச்.

மானியம் பின்னால் வரும் என்றும் சொல்லியிருந்தார்கள். பிரதமரின் சூர்ய கர் திட்ட மானியம், அந்த 78,000 ரூபாய் வரைக்குமானது, வீடுகளுக்குத்தான். பள்ளிக்கூடத்துக்குக் கிடையாது.

இதெல்லாம் தெரிவதற்குள் 95 சதவீதப் பணம் போய்விட்டது. இப்போது வக்கீல் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம், பதில் இல்லை.

உங்கள் ஒப்பந்தத்தில் இதை எழுதி வாங்குங்கள்: பட்டப்பகலில் மெயினை இறக்கி, எல்லாக் கட்டடத்திலும் லோடு போட்டு, பேனல் ஓடுவதைக் காட்ட வேண்டும். பிறகு ஓர் இரவு முழுக்க மெயின் இல்லாமல் ஓட்டிக் காட்ட வேண்டும். மூன்றாவதாக, ஜெனரேட்டரும் வெயிலும் சேர்ந்து ஒரு மணி நேரம். பேட்டரியை ஏஎச் கணக்கில் வாங்காதீர்கள், கைக்கு வரும் யூனிட் எத்தனை என்று எழுதச் சொல்லுங்கள். இவை முடியும்வரை குறைந்தது நாலில் ஒரு பங்குப் பணம் உங்களிடமே இருக்கட்டும்.

கையில் கொட்டேஷன் வைத்துக்கொண்டு யோசிப்பவர்கள் கம்பெனி பெயரையும் விலையையும் மறைத்துவிட்டு எனக்கு அனுப்புங்கள். நானும் அண்ணனும் உட்கார்ந்து படித்துச் சொல்கிறோம்.