‘பஷ்மினா’: நிறத்தோடு படிக்க வேண்டிய சால்வைக் கதை

தயவுசெய்து இந்தப் புத்தகத்தைக் கறுப்பு வெள்ளையில் போட்டோக்கொப்பி அடித்துப் பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். ஊரில் ஒரு பிரதி கைக்குக் கிடைத்தால் அதிலிருந்து பத்து எடுத்து வகுப்பு முழுக்கச் சுற்றவிடுவது நமக்குப் பழகிப்போன வேலை. கடந்தகால வினாத்தாளுக்கு அது போதும். ‘பஷ்மினா’வுக்குச் சரிவராது. நிதி சனானி இந்தக் கதையில் பாதியை வசனத்தாலும் மீதியை நிறத்தாலும் சொல்லியிருக்கிறார். நிறம் போனால் கதையின் முடிச்சும் சேர்ந்து போய்விடும்.

2017இல் அமெரிக்காவில் ஃபர்ஸ்ட் செகண்ட் பதிப்பகம் வெளியிட்ட கிராபிக் நாவல், அதாவது படங்களால் சொல்லப்படுகிற நாவல் இது. ஏறத்தாழ 170 பக்கம். சனானி கொல்கத்தாவில் பிறந்து தெற்குக் கலிபோர்னியாவில் வளர்ந்தவர். அவருடைய முதல் கிராபிக் நாவல் இதுதான். நாயகி பிரியங்கா, கூப்பிடும் பெயர் பிரி. சித்திரக்கதை வரைகிற பிள்ளை. வீட்டில் தாயும் மகளும் மட்டும். தாய் ஏன் இந்தியாவை விட்டு வந்தார், தகப்பன் யார், ஏன் ஒருமுறைகூடத் திரும்பிப் போகவில்லை என்று கேட்டால் பதில் வராது. ஒரு நாள் பழைய சூட்கேஸுக்குள் ஒரு பஷ்மினா சால்வை அகப்படுகிறது. அதைப் போர்த்தியதும் பிரி இன்னொரு இந்தியாவுக்குள் நிற்கிறாள்.

அந்த இடத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதுவரை பிரியின் அமெரிக்க நாட்கள் எல்லாம் மங்கலான ஒற்றைச் சாயலில் போகும்: பள்ளிக்கூடம், சமையலறை, தாயின் முகம் எல்லாம் ஒரே சாயல். சால்வை தோளில் ஏறியதும் பக்கம் முழு நிறத்துக்கு மாறுகிறது. மயூர் என்ற மயிலும் காந்தா என்ற யானையும் வழிகாட்டிகளாக வந்து அவளை ஊர் சுற்றிக் காட்டுகின்றன. மாளிகை, சந்தை, துணி, சாப்பாடு என்று எல்லாம் பளபளவென்று இருக்கும். படிக்கிற பிள்ளைக்கும் அந்த நிறத்துக்குள்ளேயே இருந்துவிடலாம் போல வரும்.

ஆனால் மூலையில் ஒரு நிழல் நிற்கிறது. பிரி போகிற இடமெல்லாம் அது பின்னால் வருகிறது. மயிலும் யானையும் அவளை அதன் பக்கம் போகவிடாமல் பார்த்துக்கொள்கின்றன. புத்தகத்தின் பெண்ணியம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. அழகாகக் காட்டப்படுகிற ஊர் எதை மறைக்கிறது, அந்த மறைப்புக்குள் நிற்கிற பெண் யார் என்ற கேள்வியை சனானி யாருடைய வாயிலும் பிரசங்கமாக வைக்கவில்லை. பளிச்சென்ற பக்கத்தின் ஓரத்தில் ஒரு கறுப்புருவாக வைத்திருக்கிறார். போட்டோக்கொப்பியில் எல்லாமே சாம்பலாகிவிடும். நிழல் நிழலாகவே தெரியாது. மின்நூல் வாசிக்கிற கருவியான கின்டிலில் கறுப்பு வெள்ளைத் திரை உள்ளதிலும் இதே கதிதான்.

கதையின் நடுவில் சக்தி இருக்கிறாள். திருகோணமலைப் பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை. 18 மகா சக்தி பீடங்களில் முதலாவதாகச் சொல்லப்படும் சங்கரிதேவியின் இடம் கோணேசர் மலை என்பது பழைய நம்பிக்கை. பத்திரகாளி அம்மன் கோயிலைத் தாண்டாமல் இங்கு வளர்கிற பிள்ளைகள் குறைவு. ஆனால் நேர்த்தி வைத்து வரம் கேட்டுப் பழகிய நமக்கு, இந்தப் புத்தகத்தில் வருகிற சக்தி வேறொன்றைக் காட்டுகிறாள். பெண்ணுக்கு முன்னால் என்னென்ன தெரிவுகள் இருக்கின்றன என்பதைக் கண்ணுக்குத் தெரியவைப்பதுதான் அந்தச் சால்வையின் வேலை. தெரிந்தெடுப்பது அவள் பாடு. தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் சேர்ந்திருக்கிற வகுப்பில் படிப்பதானால், தெய்வம் ஒரு கதாபாத்திரமாக வருகிறது என்பதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

எங்கள் மாவட்டத்தில் தாய் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போய், அம்மம்மாவிடமோ பெரியம்மாவிடமோ வளர்கிற பெண்பிள்ளைகள் நிறையப் பேர். அவர்களுக்கு இந்தக் கதை தலைகீழாக வந்து சேரும். பிரியின் தாய் பக்கத்திலேயே இருக்கிறார், வாய் திறப்பதில்லை. இவர்களுடைய தாய் தொலைபேசியில் நாளும் பேசுகிறார், அங்கே என்ன பட்டார் என்பதை மட்டும் சொல்வதில்லை. தாயும் ஒரு காலத்தில் தெரிவு செய்யவேண்டி நின்ற இளம்பெண்தான் என்பது பிரிக்கு உறைக்கிற பக்கங்களைப் பிள்ளைகள் வேகமாகப் புரட்டவிடாதீர்கள்.

வாசிக்கும் முறை பற்றி. ஆங்கிலம் கடினமில்லை; வசனங்கள் குட்டிக் குட்டியானவை, சாதாரண தர மாணவி அகராதி இல்லாமலே போய்விடலாம். சிக்கல் வேறிடத்தில். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தைக் கண்டதும் வசனம் எழுதிய பலூனுக்குள் இருக்கிற எழுத்தை மட்டும் வாசித்துவிட்டுப் படத்தைத் தாண்டிப் போகிறார்கள். அப்படிப் போனால் நிழலை முதல் நான்கு தடவை தவறவிடுவது நிச்சயம். ஆகவே முதல் வாசிப்பில் பலூனைத் தொடாமல், சால்வை வருகிற பகுதிகளைப் படமாக மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். அடுத்த சுற்றில் வசனம். ஒருவர் சத்தமாக வாசிக்க மற்றவர்கள் கேட்பது இந்த வகைப் புத்தகத்துக்கு உதவாது. ஒரு பிரதியைச் சுற்றி மூன்று பேர், அதற்கு மேல் வேண்டாம். நான்காவது பிள்ளைக்குப் பக்கத்தின் ஓரம் தெரியாது, நிழல் நிற்பதோ ஓரத்தில். 40 நிமிடப் பாடவேளை மூன்று இருந்தால் தாராளம்.

மின்நூலாக எடுத்தால் டப்பில் ஒற்றைப் பக்கமாக வைத்து வாசிப்பதே மேல். இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் காட்டும் முறையில் அடுத்த பக்கத்தின் நிறம் முன்கூட்டியே கண்ணில் பட்டுவிடும், திருப்பும்போது வருகிற திடுக்கிடல் கெட்டுவிடும். சின்னப் போனில் பலூனுக்காகப் பெரிதாக்க வேண்டிவரும், படம் திரைக்கு வெளியே போய்விடும்.

குறையும் உண்டு. கடைசி மூன்றிலொரு பகுதி ஓடுகிறது. நூறு பக்கத்துக்கு மேல் காத்திருந்த விடைகள் சில பக்கங்களில் கொட்டப்படுகின்றன. தாயும் மகளும் நேருக்கு நேர் இருந்து பேச இன்னும் பத்துப் பக்கமாவது கொடுத்திருக்கலாம். பிரி நிஜமாகவே கொல்கத்தாவுக்குப் போய்த் தாயின் சகோதரி மீனாவுடன் தங்குகிற பகுதி எனக்குப் பிடித்தது. மாய இந்தியாவில் இல்லாத சலிப்பும் அன்பும் அங்கே இருக்கின்றன. அந்த வீட்டுக்குள் இன்னும் கொஞ்சநேரம் இருக்கவிட்டிருக்கலாம். இந்தியா என்றால் வடக்குத்தான் என்கிற தோற்றமும் வருகிறது. இந்திச் சொற்கள் வருகிற இடங்களில் நம் பிள்ளைகள் கொஞ்சம் அந்நியப்படுவார்கள்.

12 வயதுக்கு மேல் கொடுக்கலாம். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் ஒதுக்க வேண்டாம். தாயிடம் ஒரு கேள்வியும் கேட்டிராத பொடியன்களுக்கும் கொடுங்கள். நூலகத்துக்கு வாங்கினால் உடனேயே பொலித்தீன் உறை போடுங்கள்; கடற்காற்றின் ஈரத்தில் அட்டை சுருண்டுவிடும். விரித்து அமுக்கினால் பசை விட்டுப் பக்கம் கழன்றுவிடும் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்.

முடித்த பிறகு கேள்விப் பத்திரம் கொடுக்காமல் ஆளுக்கு இரண்டு தாள் கொடுத்துப் பாருங்கள். முதல் தாளில் பென்சிலால் மட்டும் தங்கள் வீட்டு அறையொன்று, அதில் இருக்கிற ஆட்களோடு. இரண்டாவது தாளில் அதே அறை, வெளிநாட்டிலிருக்கிற சொந்தக்காரருக்குப் படமெடுத்து அனுப்புவதுபோல நிறத்தோடு. பிறகு முதலாவதில் இருந்தவர்களில் இரண்டாவதில் விடுபட்டவர் யார் என்று கேளுங்கள்.