இலைக் கணக்குக்கு ரியாக்ட்டா, எச்டிஎம்எக்ஸா?

கோத்தகிரியில் சிறு தேயிலை விவசாயிகளின் பசுந்தேயிலைக் கணக்குக்காக ஒரு வலைச்செயலி செய்கிறேன். யார் எந்தத் தேதியில் எத்தனை கிலோ இலை கொடுத்தார், எவ்வளவு முன்பணம் வாங்கினார், மாதக் கடைசியில் எவ்வளவு வரவேண்டும், அவ்வளவுதான். முதலில் ரியாக்ட்டில் எழுதினேன், அப்புறம் எச்டிஎம்எக்ஸில். இரண்டும் வலைப்பக்கத் திரைகளை உருவாக்க உதவும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகங்கள். இரண்டையும் கடைவீதியிலும், கீழே சரிவில் இலை எடை போடும் இடத்திலும் ஓட்டிப் பார்த்தேன்.

2013இல் ஃபேஸ்புக் வெளியிட்ட ரியாக்ட்டுக்கு ஆள் எளிதாகக் கிடைக்கும். எந்தச் சிக்கலுக்கும் யாராவது விடை எழுதி வைத்திருப்பார்கள். ஆனால் ஆறு பக்கச் செயலிக்கு அது பெரிய சுமை. சுருக்கி அனுப்பினாலும் ரியாக்ட் மட்டுமே 40 கிலோபைட்டைத் தாண்டும். கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. புதிய ரியாக்ட் செயலியைத் தொடங்கப் பலரும் முதலில் கற்ற கிரியேட் ரியாக்ட் ஆப் என்ற கருவியை 2025 பிப்ரவரியில் புதிய வேலைகளுக்கு வேண்டாம் என்று ரியாக்ட் குழுவினரே அறிவித்துவிட்டார்கள்.

எச்டிஎம்எக்ஸில் சர்வர் எச்டிஎம்எல் துண்டை, அதாவது தயாராக எழுதிய பக்கத்தின் ஒரு பகுதியை, அனுப்பும், அது பக்கத்தில் உரிய இடத்தில் போய் உட்காரும். அளவு ரியாக்ட்டில் பாதிகூட இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய நிம்மதி, பாக்கித் தொகையைக் கணக்கிடும் விதி சர்வரில் ஒரே இடத்தில் இருப்பது. ரியாக்ட்டில் அதையே திரைக்காக இன்னொரு முறை எழுதியிருந்தேன். முன்பணக் கழிவை மாற்றியபோது ஒன்றைத் திருத்தி மற்றொன்றை மறந்துவிட்டேன். விவசாயி போனில் பார்த்த தொகை வேறு, பட்டியலில் வந்தது வேறு. அந்தத் தவறை இன்னும் மறக்க முடியவில்லை.

சரி, எச்டிஎம்எக்ஸே போதுமா? சரிவில் இறங்கினால் போதாது. அங்கே சிக்னல் வரும், போகும். எச்டிஎம்எக்ஸில் ஒவ்வொரு அழுத்தலும் சர்வருக்குப் போயாக வேண்டும். இணைப்பு அறுந்தால், நாமாக எதுவும் எழுதி வைக்காதவரை, திரை அப்படியே நிற்கும். எடை போடுபவர் பதிவாகிவிட்டது என்று நினைத்து அடுத்த மூட்டையைத் தூக்கிவிட்டார். அவருடைய நோட்டுப் புத்தகம்தான் அன்று கணக்கைக் காப்பாற்றியது.

ரியாக்ட் வடிவத்தில் சர்வீஸ் வொர்க்கரும் (இணைப்பு இல்லாதபோதும் பக்கத்தைத் திறக்க உதவும் பின்னணி நிரல்) இண்டெக்ஸ்டு டிபியும் (பிரவுசருக்குள்ளேயே இருக்கும் தரவுக் கிடங்கு) வைத்து, பதிவைப் போனிலேயே சேமித்தேன். இது ரியாக்ட்டின் பெருமை அல்ல, வெறும் ஜாவாஸ்கிரிப்ட்டிலும் செய்யலாம். ஆனால் திரையையும் கணக்கையும் போனிலேயே வைத்திருக்கும் அமைப்புக்கு அது இயல்பாகப் பொருந்துகிறது.

அதனால் எடைப் பக்கத்தை மட்டும் ரியாக்ட்டிலேயே விட்டு, மற்ற ஐந்தையும் எச்டிஎம்எக்ஸுக்கு மாற்றிவிட்டேன். ஒவ்வொரு மூட்டைக்கும் போனிலேயே தனி எண் விழுகிறது. சிக்னல் வந்ததும் ஒரே பதிவு இரண்டு முறை போனாலும், சர்வர் எண்ணைப் பார்த்து ஒரு முறைதான் கூட்டும்.